இலையில் ஓட்டை விழட்டும்: இளவேனிலில் பாடும் பறவைகளைப் பேணும் முறை

இளவேனில் பிறந்து, விடியலுக்கு முன்பே தோட்டத்தில் குரல்கள் கேட்கத் தொடங்கியவுடன், ஒரு தட்டில் தானியம் வைத்தால் என்ன என்ற எண்ணம்தான் பெரும்பாலோருக்கு முதலில் தோன்றும். அது தவறான எண்ணம் அன்று. ஆனால் இந்தப் பருவத்தில் செய்ய வேண்டிய வேலைகளை வரிசைப்படுத்தினால் அது கடைசியில்தான் வரும். இணை தேடி, கூடு கட்டி, குஞ்சு வளர்க்கும் இந்தச் சில மாதங்களில் ஒரு பறவைக்குத் தானியத்தைக் காட்டிலும் புழுவும், புழுவைக் காட்டிலும் தொந்தரவில்லாத மறைவிடமும் தேவைப்படுகின்றன. ஆகவே பின்வரும் யோசனைகளில் பாதிக்கு மேற்பட்டவை எதைச் செய்யாமல் விடவேண்டும் என்பதைப் பற்றியவை.

பாடும் பறவைகள் என்று எவற்றைச் சொல்கிறோம் என்பதையும் முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பறவையியல் இச்சொல்லால் குறிப்பது, நுட்பமான குரல் உறுப்பைக் கொண்டவையும் பெரும்பாலும் தம் இனத்தின் பாட்டைக் கேட்டுக் கற்றுக்கொள்பவையுமான ஒரு பெரும் கூட்டத்தை. சிட்டுக்குருவி, தேன்சிட்டு, தையல்சிட்டு, கொண்டைக்குருவி, குண்டுகரிச்சான், பட்டாணிக்குருவி, மைனா ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இளவேனிலின் பாடகன் என்று நம் கவிதைகள் கொண்டாடிவரும் குயில் இந்த வகைப்பாட்டில் இடம்பெறவில்லை; கரைவதைத் தவிர வேறொன்றும் அறியாதது என்று நாம் ஒதுக்கும் காகமோ இடம்பெற்றிருக்கிறது. குயிலின் குஞ்சைக் காகமே வளர்த்து ஆளாக்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், காகத்திற்கு நாம் செய்துவரும் அநீதி சற்றுப் பெரியதுதான்.

பகல் நீளும்போது பறவையின் உடலில் இனப்பெருக்கச் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. அதன் வெளிப்பாடே அதிகாலைப் பாட்டு. பெரும்பாலான இனங்களில் ஆண் பறவை, இந்த எல்லைக்குள் வேறு ஆண் நுழையக் கூடாது என்பதையும் இங்கே துணைக்கு இடமிருக்கிறது என்பதையும் ஒரே பாட்டில் அறிவிக்கிறது. இந்த நாட்களில் சன்னல் கண்ணாடியையோ வண்டியின் பக்கக் கண்ணாடியையோ ஒரு பறவை மணிக்கணக்கில் கொத்திக்கொண்டிருந்தால், அது தன் பிம்பத்தைப் போட்டியாளனாகக் கருதிச் சண்டையிடுகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். அதை விரட்டிப் பயனில்லை. பிம்பம் தெரியாதபடி கண்ணாடியை வெளிப்புறத்திலிருந்து துணியாலோ தாளாலோ மறைத்துவிட்டால் சில நாட்களில் சண்டை ஓய்ந்துவிடும்.

புழுவே முதல் உணவு

வளர்ந்தபின் தானியத்தையோ பழத்தையோ தேனையோ நம்பி வாழும் பறவைகளிலும் மிகப் பெரும்பான்மையானவை தம் குஞ்சுகளைப் பூச்சிகளைக் கொண்டுதான் வளர்க்கின்றன. கூட்டிலிருக்கும் குஞ்சு இரண்டு மூன்று வாரங்களுக்குள் பறக்கும் அளவிற்கு வளர்ந்தாக வேண்டும்; அதற்குத் தேவையான புரதத்தையும் ஈரத்தையும் மென்மையான உடலோடு சேர்த்துத் தருவது இலை தின்னும் புழு. வட அமெரிக்காவின் கருந்தொப்பிச் சிக்கடி என்னும் பட்டாணிக்குருவி வகை, ஓர் ஈட்டுக் குஞ்சுகளை, அதாவது ஒரு தடவையில் இட்ட முட்டைகளிலிருந்து பொரிந்தவற்றை, கூட்டை விட்டுப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவர 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை கொண்டுவருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பறவையின் எடையோ ஏறத்தாழ 11 கிராம்தான். பூவை நம்பி வாழும் தேன்சிட்டும் இதற்கு விலக்கில்லை. அதன் குஞ்சின் வாயில் சிறு பூச்சிகளும் சிலந்திகளுமே போய்ச் சேர்கின்றன.

இத்தனை புழுக்கள் எங்கிருந்து வரும் என்ற கேள்விதான் தோட்டக்காரர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்தில் அவை இருக்கப்போவதில்லை. ஆகவே இளவேனில் முழுவதும் மருந்துத் தெளிப்பை நிறுத்திவிடுங்கள். இலைகளில் ஓட்டை விழும். சில செடிகள் ஒரு மாதம் அழகற்று நிற்கும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். குஞ்சு பொரிந்த பின் அந்தச் செடிகளை ஒரு காலை வேளையில் தள்ளி நின்று கவனித்தால், தாய்ப்பறவை இலையின் மேற்புறத்தைவிட அடிப்புறத்தையே அதிகம் ஆராய்வதையும், தடித்த புழு கிடைத்தால் அதை அலகில் குறுக்காகப் பிடித்துக் கிளையில் இரண்டு மூன்று முறை அடித்துத் துவளச் செய்த பின்னரே கூட்டிற்குப் பறப்பதையும் காணலாம். எந்த மருந்தும் அந்த அளவிற்கு இலை இலையாகத் தேடுவதில்லை.

செடி வாங்கும்போதும் கவனம் தேவை. நியோனிக்கோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் செடியின் சாற்றிலேயே கலந்து இலை, மகரந்தம், தேன் என எல்லாப் பகுதிகளுக்கும் பரவுபவை. அவற்றை மேலிருந்து கழுவிவிட முடியாது. அம்மருந்து பூசிய விதைகளைக் கொத்தித் தின்பதும் சிறு பறவைகளுக்கு நஞ்சாகும். நாற்றுப் பண்ணையில் இம்மருந்து இடப்பட்டதா என்று கேட்டு வாங்குவது ஒன்றே வழி. அந்தந்த மண்ணுக்குரிய மரஞ்செடிகளைத் தேர்ந்தெடுப்பதும் இதே காரணத்திற்காகத்தான்: இலை தின்னும் புழுக்களில் பெரும்பாலானவை தாம் காலங்காலமாகப் பழகிய சில தாவரங்களை மட்டுமே உண்ணக்கூடியவை என்பதால், வேறு கண்டத்திலிருந்து வந்த அலங்காரச் செடி எவ்வளவு செழித்து நின்றாலும் பசித்த குஞ்சுக்கு அதிலிருந்து அதிகம் கிடைப்பதில்லை.

மரத்தடியில் விழும் சருகுகளையும் முழுவதுமாகக் கூட்டிப் பெருக்கிவிடாதீர்கள். பல அந்துப்பூச்சிகள் கூட்டுப்புழுவாக அங்கேதான் உறங்குகின்றன. சருகைக் கிளறி இரை தேடும் பறவைகளுக்கும் அதுவே சோற்றுத்தட்டு. வாசல் பக்கம் துப்புரவாகவும் பின்பக்க மூலை சற்றுக் காடாகவும் இருந்தால் வீட்டாருக்கும் பறவைக்கும் சண்டை வராது.

நீர் வைக்கும் முறை

குடிப்பதற்கும் குளிப்பதற்கும் சேர்த்து ஒரு அகன்ற மண்தட்டு போதுமானது. ஓரத்தில் 2 சென்டிமீட்டரும் நடுவில் 5 சென்டிமீட்டருக்கு மிகாமலும் ஆழம் இருக்கட்டும். உட்புறம் சொரசொரப்பாக இருந்தால் கால் வழுக்காது. வழவழப்பான தட்டே கையிலிருந்தால் நடுவில் ஒரு தட்டையான கல்லை வையுங்கள். நனைந்த இறகோடு பறவையால் வேகமாகப் பறக்க முடியாது என்பதால், ஒரே தாவலில் எட்டக்கூடிய கிளை அருகிலிருக்க வேண்டும். ஆனால் பூனை பதுங்கியிருக்கக்கூடிய அடர்ந்த புதர் தட்டை ஒட்டியே இருக்கக் கூடாது. நீரை நாள்தோறும், முடியாதபோது இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது கொட்டிவிட்டுத் தட்டைத் தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். வெப்பமான நாட்களில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலையை அடைய ஏறத்தாழ ஒரு வாரம் போதும். இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுபவர் வீட்டுத் தட்டில் அதற்கு அவகாசம் இருக்காது.

தானியத் தட்டைப் பற்றி

வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. வைப்பதாயின் சுத்தமாக வைக்க வேண்டும், இல்லையேல் வைக்காமலிருப்பதே நல்லது என்பதுதான் என் கருத்து. இயற்கையில் அங்கங்கே சிதறி உண்ணும் பறவைகளை நாம் ஒரே தட்டில் கூட்டிவிடுகிறோம். எச்சமும் எச்சிலும் அதிலேயே கலக்கின்றன. சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்கு இதைவிட வசதியான சந்தை கிடையாது. பிரிட்டனில் கிரீன்ஃபிஞ்ச் என்னும் பசுமஞ்சள் நிறக் குருவியின் தொகை 2005-க்குப் பிறகு பெருமளவில் சரிந்ததற்கு டிரைக்கோமோனோசிஸ் என்னும் ஒட்டுண்ணி நோய் காரணமாயிற்று. அந்நோய் உணவுத் தட்டுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் எச்சில் வழியாகப் பரவக்கூடியது.

ஆகவே வாரம் ஒருமுறையாவது தட்டைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு நீர் என்ற அளவில் கலந்த கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசி, முற்றிலும் உலர்ந்த பின்னரே மறுபடி நிரப்புங்கள். ஒரு நாளில் தின்று தீரும் அளவு மட்டும் போடுங்கள். இறகைச் சிலிர்த்துப் பந்துபோல் உட்கார்ந்து, அருகில் போனாலும் பறக்காமல், விழுங்க முடியாமல் திணறும் பறவை ஒன்றேயொன்று கண்ணில் பட்டாலும் தட்டையும் நீரையும் குறைந்தது இரண்டு வாரத்திற்கு எடுத்துவிட வேண்டும். பறவைகள் பட்டினி கிடக்குமே என்று இரக்கப்பட வேண்டாம். அவை வேறிடத்தில் சிதறி உண்பதுதான் அப்போது அவற்றுக்கு மருந்து.

என்ன வைக்கலாம் என்பதில் பெரிய நுட்பம் ஏதுமில்லை. உப்பிடாத சிறுதானியங்கள், சூரியகாந்தி விதை, பழத்துண்டு ஆகியவை போதும். ரொட்டி வயிற்றை நிரப்புமே தவிர வளர்க்காது. முழு நிலக்கடலையைக் குஞ்சின் வாயில் தாய் திணித்துவிட்டால் தொண்டையில் அடைக்கும். ஆகவே இப்பருவத்தில் அதை நொறுக்கியோ, கொத்திக் கொத்தி மட்டுமே எடுக்கக்கூடிய கம்பி வலைக்குள் இட்டோ கொடுங்கள். முட்டையிடும் பெண் பறவைக்குச் சுண்ணாம்புச் சத்து அதிகம் தேவைப்படுவதால், கோழிமுட்டை ஓட்டைக் கழுவி, 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருபது நிமிடம் சூடாக்கி, பொடித்து ஓரமாகத் தூவி வைக்கலாம்.

கூடும் கூட்டுப்பெட்டியும்

கடையில் விற்கும் கூட்டுப்பெட்டியை எல்லாப் பறவைகளும் ஏற்றுக்கொள்ளும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. பொந்தில் கூடு கட்டும் இனங்கள் மட்டுமே பெட்டிக்கு வரும். கொண்டைக்குருவிக்குப் புதரின் கிளைக்கவை வேண்டும். தேன்சிட்டு தன் பைபோன்ற கூட்டை மெல்லிய கொம்பில் தொங்கவிடும். தையல்சிட்டுக்கு அகன்ற இலை வேண்டும். இவற்றுக்காக நீங்கள் செய்யக்கூடியது அடர்த்தியான புதரை வளர்ப்பதும் அதை வெட்டாமல் விடுவதுமே.

பொந்து தேடும் பறவைகளுக்குப் பெட்டி வைப்பதானால், நுழைவாயிலின் விட்டத்தைப் பொறுத்தே யார் குடியேறுவார் என்பது தீர்மானமாகும். ஐரோப்பாவின் நீலப் பட்டாணிக்குருவிக்கு 25 மில்லிமீட்டரும், பெரிய பட்டாணிக்குருவிக்கு 28 மில்லிமீட்டரும், சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டரும், வட அமெரிக்காவின் கிழக்கத்திய நீலப்பறவைக்கு 38 மில்லிமீட்டரும் பொருந்தும். தேவைக்கு மேல் பெரிய துளை, கூட்டைச் சூறையாடும் பெரிய பறவைக்கும் வழிவிடும். வண்ணமோ இரசாயனமோ பூசாத, 15 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனுள்ள பலகையால் செய்யப்பட்டதும், அடியில் நீர் வடியவும் மேலே காற்றுப் போகவும் சிறு துளைகள் உடையதும், ஆண்டுக்கொருமுறை சுத்தம் செய்யத் திறக்கக்கூடியதுமான பெட்டியே நல்லது. வாயிலுக்குக் கீழே அழகுக்காகப் பொருத்தப்படும் குச்சி பறவைக்குத் தேவையில்லை. அது திருட வருபவருக்குத்தான் பிடிமானம், கண்டால் பிடுங்கிவிடுங்கள். 2 முதல் 4 மீட்டர் உயரத்தில், நண்பகல் வெயிலும் சாரலும் நேராக அடிக்காத பக்கம் பார்த்து மாட்டுங்கள். உலகின் வடபாதியில் வடக்கிற்கும் கிழக்கிற்கும் இடைப்பட்ட திசை பொதுவாகப் பொருத்தமானது.

கூடு கட்டப் பொருள் வைக்க விரும்புபவர்கள் உலர்ந்த புல், சருகு, பாசி, நாய்பூனைகளுக்கு உண்ணி மருந்து இடாத வீட்டில் உதிர்ந்த ரோமம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நூலும் நைலான் இழையும் நீண்ட தலைமுடியும் குஞ்சின் காலைச் சுற்றி இறுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். உண்ணி மருந்து இட்ட ரோமத்தைக் கூட்டில் பரப்புவது, குஞ்சைப் பூச்சிக்கொல்லியின் மேல் படுக்கவைப்பதற்கு ஒப்பாகும்.

செடிகளைக் கத்தரிக்கும் வேலையை இளவேனிலுக்கு முன்பே முடித்துவிடுங்கள், அல்லது குஞ்சுகள் பறந்துபோகும்வரை ஒத்திப்போடுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பாதையை மறைத்து வளர்ந்திருந்த அகன்ற இலைச் செடியொன்றை ஒரு காலையில் வெட்டிச் சாய்த்தபோது, கையிலிருந்த கொம்பின் இரண்டு இலைகள் மட்டும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. உற்றுப் பார்த்தபோது, இலையோரத்தில் ஊசிமுனையளவு துளைகளும், ஒவ்வொரு துளையின் வெளிப்புறத்திலும் பஞ்சு இழை சிறு பொத்தான்போல் திரண்டிருப்பதும் தெரிந்தன. தையல்சிட்டின் கூடு. உள்ளே மெத்தென்ற பஞ்சின் மேல் மூன்று முட்டைகள் இருந்தன. கொம்பைப் பழைய இடத்திலேயே கயிற்றால் கட்டி நிறுத்தினேன்; இரண்டு நாட்களில் இலை வாடிச் சுருண்டது, பறவை திரும்பவேயில்லை. அன்று முதல், கத்தரிக்கோலை எடுக்கும் முன் கால் மணி நேரம் தள்ளி உட்கார்ந்து, எந்தச் செடிக்குள் பறவை போய்வருகிறது என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

கூடு இருப்பது தெரிந்தபின் அடிக்கடி எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் இந்தப் பருவத்தின் கடினமான வேலை. நாம் போய்வரும் தடத்தைக் காகமும் பூனையும் கவனிக்கின்றன. எட்டிப் பார்க்காமலேயே உள்ளே நடப்பதை ஊகிக்க முடியும். வாயில் நாரும் புல்லும் கொண்டு போனால் கட்டுமானம் நடக்கிறது. ஒரு பறவை மட்டும் வெளியே தென்பட்டு, நடமாட்டம் திடீரென்று குறைந்துபோனால் பெரும்பாலும் அடைகாத்தல் தொடங்கியிருக்கும். புழுவோடு உள்ளே போன பறவை வெள்ளை நிறத்தில் சிறு உருண்டையொன்றை அலகில் கவ்விக்கொண்டு வெளியேறினால் குஞ்சு பொரிந்துவிட்டது என்று பொருள். அந்த உருண்டை, மெல்லிய சவ்வுப் பைக்குள் வரும் குஞ்சின் எச்சம். கூட்டைத் துப்புரவாக வைக்கவும் வாடையால் எதிரி வராமலிருக்கவும் பெற்றோர் அதைத் தொலைவில் கொண்டுபோய்ப் போடுகின்றன.

தாய் அருகில் இல்லாத முட்டைகளைக் கண்டவுடன் அநாதையென்று முடிவு செய்துவிடாதீர்கள். பெரும்பாலான பாடும் பறவைகள் நாளுக்கு ஒரு முட்டையாக இடுகின்றன. எல்லாக் குஞ்சுகளும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பொரிய வேண்டும் என்பதற்காக, ஈடு முடியும் தறுவாயில்தான் அடைகாக்கத் தொடங்குகின்றன. அதுவரை முட்டைகள் குளிர்ந்தே கிடக்கும். அதன்பின் அடைகாத்தல் ஏறத்தாழ 11 முதல் 14 நாட்கள், குஞ்சு கூட்டிலிருப்பது இனத்தைப் பொறுத்து 10 முதல் 20 நாட்கள். இந்த நான்கைந்து வாரங்களுக்குக் கூட்டை நகர்த்துவதும் கலைப்பதும் பல நாடுகளில் சட்டப்படியும் குற்றம். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டமும், அமெரிக்காவின் 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவை உடன்படிக்கைச் சட்டமும் காட்டுப் பறவைகளின் கூடுகளுக்கும் முட்டைகளுக்கும் காப்பளிக்கின்றன.

தரையில் கிடக்கும் குஞ்சு

இந்த ஒரு விஷயத்தில்தான் நல்லெண்ணம் அதிகத் தீங்கு செய்கிறது. இறகு முளைத்து, வால் குட்டையாக, தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு கீழே விழுந்துவிட்ட குஞ்சன்று. கூட்டை விட்டு வெளியேறிப் பறக்கப் பழகும் குஞ்சு. பெற்றோர் அருகிலேயே இருந்து ஊட்டிக்கொண்டிருக்கும். அதை வீட்டுக்குள் எடுத்துவருவது, பெற்றவர் கண்ணெதிரே பிள்ளையைத் தூக்கிப்போவதற்குச் சமம். வண்டி போகும் பாதையிலோ பூனை வரும் இடத்திலோ இருந்தால் மட்டும் பக்கத்துப் புதருக்குள் எடுத்து விட்டுவிட்டு விலகிவிடுங்கள்.

இறகே இல்லாமல், கண் திறக்காமல் கிடந்தால் அது உண்மையிலேயே விழுந்த குஞ்சு. அதைக் கூட்டில் திரும்ப வைக்க வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று காலங்காலமாகச் சொல்லப்படுவது உண்மையன்று. தொட்ட காரணத்திற்காகப் பெற்றோர் குஞ்சைக் கைவிடுவதில்லை. கூடு சிதைந்திருந்தால், அடியில் துளையுள்ள சிறு கூடையில் உலர்ந்த புல் பரப்பி, பழைய இடத்திற்கு மிக அருகில் கட்டி, ஒன்றிரண்டு மணி நேரம் தொலைவிலிருந்து கவனியுங்கள். குஞ்சின் வாயில் நீர் ஊற்றவே கூடாது. அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பாலும் கூடாது. பூனையின் பல் பட்ட குஞ்சு வெளியே காயம் தெரியாவிட்டாலும், பூனையின் வாயிலுள்ள கிருமிகளால் ஓரிரு நாளில் இறக்கக்கூடும் என்பதால், அதைத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாகவும் கதகதப்பாகவும் வைத்து உடனே கால்நடை மருத்துவரிடமோ வனவிலங்கு மீட்பு நிலையத்திலோ சேர்க்க வேண்டும்.

பூனை, கண்ணாடி, விளக்கு

வெளியே திரியும் பூனைகள் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகள் வரை கொல்கின்றன என்று 2013-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. உங்கள் வீட்டில் பூனை இருந்தால், குஞ்சுகள் தரையில் தத்தும் வாரங்களிலாவது அதை உள்ளேயே வைத்திருங்கள். கழுத்து மணியை நம்ப வேண்டாம்; பறக்கத் தெரியாத குஞ்சுக்கு மணியோசை கேட்டும் பயனில்லை.

கண்ணாடியில் மரமும் வானமும் தெரியும்போது பறவை அதை வழியென்றே எண்ணி மோதுகிறது. ஒற்றைக் கழுகுப் படம் ஒட்டிவைப்பது அதிகம் உதவாது. கண்ணாடியின் வெளிப்புறத்தில், புள்ளிகளோ கோடுகளோ ஒன்றுக்கொன்று 5 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல் முழுப்பரப்பிலும் இருந்தால்தான் பறவை அதைத் தடையாக உணரும். தானியத் தட்டை வைப்பதானால் சன்னலிலிருந்து 1 மீட்டருக்குள் வையுங்கள். அங்கிருந்து கிளம்பும் பறவை மோதினாலும் வேகம் இருக்காது. அல்லது 10 மீட்டருக்கு அப்பால் வையுங்கள். வலசை வரும் பாடும் பறவைகளில் பெரும்பாலானவை இரவில் பறப்பவை என்பதால், தோட்ட விளக்குகளைத் தூங்கப் போகும்போது அணைத்துவிடுவதும் நல்லது.

குஞ்சுகள் பறந்தவுடன் கூட்டைக் கலைக்க அவசரப்பட வேண்டாம். பல இனங்கள் அதே பருவத்தில் இரண்டாம் ஈடும் இடும், சில அதே பெட்டிக்குத் திரும்பும். பருவம் முழுவதும் முடிந்து, பல நாட்களாகப் போக்குவரத்து இல்லையென்று உறுதியான பின் பழைய கூட்டை எடுத்துவிட்டுப் பெட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவிக் காயவையுங்கள். உண்ணிகளுக்கு அதுவே போதும். அந்த நாட்களில் தோட்டம் அமைதியாகிவிடும். விடியலில் பாட்டுக் கேட்காது. பறவைகள் போய்விட்டன என்று எண்ணித் தட்டைக் கவிழ்த்து வைத்துவிடுபவர்கள் பலர். உண்மையில் அவை பழைய இறகை உதிர்த்துப் புதிய இறகு வளர்த்துக்கொண்டு, சரியாகப் பறக்க முடியாத நிலையில் சத்தமின்றிப் புதருக்குள் ஒடுங்கியிருக்கின்றன. காலையில் நீரை மாற்றும் வழக்கத்தை மட்டும் அப்போது விட்டுவிடாதீர்கள்.